பொயின்ட் பீலி மே மாதப் பறவை விழா: எப்போது போவது, எங்கே நிற்பது, பார்த்ததை எப்படிப் பதிவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்ராறியோவின் தென்கோடியில், லெமிங்டன் நகருக்குத் தெற்கே, ஈரி ஏரிக்குள் கூராக நீளும் மணல்முனைதான் பொயின்ட் பீலி தேசியப் பூங்கா. மே மாதத்தில் இங்கே பறவை விழா நடக்கும். ரொறன்ரோ பக்கமிருந்து முதல்முறை வருகிறவர்களும், பலமுறை வந்தும் "இந்தத் தடவை ஒன்றுமே இல்லையே" என்று திரும்பியவர்களும் கேட்கும் கேள்விகளுக்குப் பதில்கள் இங்கே.

இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை பறவை எப்படி?

பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 15 சதுர கி.மீ. அதிலும் பெரும்பகுதி சதுப்பு. ஆனாலும் இதுவரை பதிவான பறவை இனங்கள் 390ஐ ஒட்டி வரும். வார்ப்ளர்கள் என்னும் சின்னஞ்சிறு பாடும் பறவைகள் மட்டுமே நாற்பது இனங்களுக்கு மேல்.

சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் வலசை போகும். அமெரிக்கக் கரையான ஒஹாயோவிலிருந்து பொழுது சாய்ந்ததும் கிளம்பி ஏரியைக் கடக்கும். எதிர்காற்றோ மழையோ பிடித்துக்கொண்டால் விடியும்போதும் தண்ணீருக்கு மேலேதான் இருக்கும். பத்து கிராம் எடையுள்ள பறவை அப்போது கண்ணில் படும் முதல் தரையை நோக்கி வரும். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் அந்த முதல் தரை பல நேரம் இந்த முனைதான். 1905 முதலே பறவையியலாளர்கள் குழுவாக இங்கே வந்து குறிப்பெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான பெர்சி டாவர்னர் 1915இல் பரிந்துரைத்ததன் தொடர்ச்சியாக 1918இல் இது தேசியப் பூங்காவானது. கனடாவில் பறவைகளை முன்னிட்டு உருவான பூங்கா என்றே சொல்லலாம்.

மே மாதத்தில் எந்த வாரம் நல்லது?

ஒரே ஒரு வாரம்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் மே 8 முதல் 18 வரைக்குள் எடுங்கள். இன வகை அதிகமாக இருப்பது அப்போதுதான்.

மே முதல் வாரத்தில் யெல்லோ-ரம்ப்ட், பாம், பிளாக்-அண்ட்-வைட் வார்ப்ளர்கள், ஹெர்மிட் த்ரஷ், வைட்-த்ரோட்டட் குருவிகள். மரங்களில் இலை விரியாததால் பார்ப்பது சுலபம். நடுவாரங்களில் மக்னோலியா, பிளாக்பேர்னியன், பே-பிரெஸ்டட், கேப் மே, செஸ்ட்நட்-சைடட், ஸ்கார்லட் டானஜர், பால்டிமோர் ஓரியோல், ரோஸ்-பிரெஸ்டட் குரோஸ்பீக் என்று வண்ணங்கள் எல்லாம் வந்து சேரும். இருபதாம் தேதிக்குப் பிறகு பிளாக்போல், கனடா, மோர்னிங் வார்ப்ளர்கள், ஈப்பிடிப்பான்கள், குக்கூக்கள், கரைப்பறவைகள். ஆண் பறவைகள் முந்தியும் பெண் பறவைகள் பிந்தியும் வரும்.

ஆனால் நாட்காட்டியை மட்டும் நம்பி வருகிறவர்தான் ஏமாறுவார். மே 12ஆம் தேதி வனம் வெறிச்சோடிக் கிடக்கலாம், மே 5ஆம் தேதி பொங்கி வழியலாம். அதைத் தீர்மானிப்பது முந்திய இரவின் காற்று.

காற்றைப் பார்த்து எப்படி முடிவெடுப்பது?

மூன்று நிலைகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்று: இரவு முழுக்கத் தெற்கு அல்லது தென்மேற்குக் காற்று, வெப்பமான வானிலை, தெளிந்த வானம். பறவைகள் பெருமளவில் கிளம்பும். ஆனால் காற்று துணையிருப்பதால் பல முனையில் நிற்காமல் தலைக்கு மேலே வடக்கே போய்விடும். புதுப் பறவைகள் இருக்கும், குவியல் இருக்காது. தென் மாநிலங்களோடு நிற்கவேண்டிய சம்மர் டானஜர், புளூ குரோஸ்பீக் போன்றவை எல்லை தாண்டி வருவது இப்படிப்பட்ட நாட்களில்தான்.

இரண்டு: முன்னிரவில் தெற்குக் காற்று, நள்ளிரவுக்குப் பிறகு மழையோடு குளிர்முகப்பு (முன்னேறி வரும் குளிர்காற்றின் விளிம்பு), காற்று வடக்குக்குத் திரும்புதல். பாதி ஏரி கடந்த பறவைகள் வேறு வழியின்றி முனையில் இறங்கும். எல்லோரும் காத்திருப்பது இந்தக் காலைக்குத்தான். மழை நின்று முதல் ஒரு மணி நேரத்தில் மரத்துக்கு மரம் பறவை இருக்கும். தூறலைப் பார்த்து அறையில் படுத்திருப்பவர் அந்த ஆண்டின் சிறந்த நாளைத் தவறவிடுவார்.

மூன்று: மூன்று நான்கு நாட்களாக விடாத வடகாற்றும் குளிரும். புதிதாக எதுவும் வராது. ஏற்கெனவே வந்தவை தங்கி நிற்கும். பூச்சிகள் மேலே பறக்காததால் வார்ப்ளர்கள் தரைக்கே இறங்கிவிடும். காற்று மறைவான கரையில் ஒதுங்கிக் கிடக்கும் ஏரி ஈக்களைப் பொறுக்கும். எண்ணிக்கை குறைவு, காட்சி மிக நெருக்கம்.

காற்று அறிவிப்பை லெமிங்டனுக்கு மட்டும் பார்த்தால் போதாது. பறவை கிளம்பும் இடம் ஒஹாயோ. அங்கே மாலை என்ன காற்று, நள்ளிரவில் அது எப்படித் திரும்புகிறது என்பதைப் பாருங்கள். பேர்ட்காஸ்ட் என்னும் ரேடார் சேவை அமெரிக்காவுக்கு மட்டும் முன்கணிப்புத் தருகிறது. அதில் வட ஒஹாயோவின் ஏரிக்கரை மாவட்டங்களைத் திறந்தால் எத்தனை பறவை எழும்பியது என்று தெரியும். அவை எழும்பின, பின்னிரவில் மழை வந்தது என்றால் அலாரத்தை இன்னும் முன்னதாக வையுங்கள்.

ஒஹாயோவின் மேகீ மார்ஷுக்குப் போவது இதைவிட நல்லதா?

இரண்டும் ஒரே ஏரியின் இரு கரைகள். மேகீ மார்ஷில் பறவைகள் ஏரியைக் கடக்குமுன் காத்திருக்கின்றன. பீலியில் கடந்த பிறகு இறங்குகின்றன. தொடர்ந்து வடகாற்று என்றால் மேகீயில் கூட்டம் தேங்கி நிற்கும், மரப்பலகைப் பாதையில் கண் மட்டத்திலேயே பார்க்கலாம். தெற்குக் காற்று வீசிய இரவுக்கு மறுநாள் பீலி பக்கம் புதுவரவு. நாலைந்து நாள் கையில் இருந்து, எல்லை தாண்டும் ஆவணங்களும் இருந்தால் காற்றைப் பார்த்துக் கரை மாறலாம். ஒரு நாள் மட்டும் என்றால் அலைய வேண்டாம்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எப்படித் திட்டமிடுவது?

ரொறன்ரோவிலிருந்து 350 கி.மீ.க்குக் குறையாது. 401ஆம் நெடுஞ்சாலையில் வந்து, கோம்பர் அருகே 77ஆம் நெடுஞ்சாலையில் திரும்பி லெமிங்டன். நான்கு மணி நேரம் வையுங்கள். அதிகாலை புறப்பட்டு வந்து பார்ப்பது என்பது நடைமுறையில் முதல் மூன்று மணி நேரத்தை இழப்பதுதான். முந்திய இரவே லெமிங்டன், கிங்ஸ்வில், வீட்லி ஏதாவதொன்றில் தங்குங்கள். விழா வார இறுதிகளுக்கு அறைகள் பல மாதம் முன்பே போய்விடும்.

மே நடுவில் சூரியன் உதிப்பது காலை ஆறை ஒட்டி. அந்த நேரத்தில் நீங்கள் முனையில் இருக்கவேண்டும். பருவ காலத்தில் வருகையாளர் மையத்துக்கு அப்பால் சொந்த வண்டி போகாது. அங்கிருந்து முனை வரை ஏறக்குறைய 2 கி.மீ. அந்தத் தூரத்துக்குப் பூங்காவின் வண்டியில் ஏறலாம், நடக்கலாம், சைக்கிளிலும் போகலாம். முதல் வண்டி எத்தனை மணிக்கு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், பூங்கா அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டரை ஒன்பது வரை முனை. பிறகு பறவைகள் வனத்துக்குள் வடக்கே நகரும், நீங்களும் அதே திசையில் நடந்தே திரும்புங்கள். வண்டியில் திரும்பினால் நடுவழியில் உள்ளதெல்லாம் போச்சு. ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வருகையாளர் மையத்தில் தொடங்கும் உட்லண்ட் பாதை, அது 2.75 கி.மீ. சுற்று. தேங்கிய நீரோரம் நார்தேர்ன் வாட்டர்த்ரஷ், த்ரஷ்கள், அதிர்ஷ்டமிருந்தால் தங்கநிற ப்ரோதோநொட்டரி வார்ப்ளர். பிறகு டில்டன் வனப் பாதை. வெயில் ஏறியதும் டிலாரியர் பக்கம் உள்ள புதர்வெளி: ஓர்ச்சர்ட் ஓரியோல், வைட்-ஐட் விரியோ.

பன்னிரண்டு முதல் மூன்று வரை வனம் தூங்கும். சாப்பிட்டுவிட்டு ஒரு கி.மீ. சுற்றுள்ள சதுப்பு மரப்பாதைக்குப் போங்கள். அங்கே மார்ஷ் ரென், ஸ்வாம்ப் குருவி, ஆலாக்கள் பகலிலும் கிடைக்கும். மாலைக்கு வெளியே வந்து ஹில்மன் மார்ஷ், அங்கே கரைப்பறவைகள் இருப்பது நீர்மட்டத்தைப் பொறுத்தது. பூங்காவுக்கு வடகிழக்கேயுள்ள வெங்காய வயல்களில் உழுத மண்ணில் உப்புக்கொத்திக் கூட்டங்கள் இறங்கும். சாலையோரம் நின்று மட்டும் பாருங்கள், அது தனியார் நிலம்.

முனையில் பறவைகள் தெற்கே, ஏரிக்குள்ளே பறந்து போகின்றனவே?

தப்பாகப் பார்க்கவில்லை. இதைத் தலைகீழ் வலசை என்பார்கள். வடக்கே போகவேண்டிய ஓரியோல்கள், இன்டிகோ பன்டிங்குகள், வார்ப்ளர்கள் காலையில் முனையிலிருந்து தெற்கே கிளம்பும். சில திரும்பிவிடும், சில போயே விடும். பதிவு செய்யும்போது இவற்றைத் தனியாக எண்ணி "முனையிலிருந்து தெற்கே" என்று குறிப்பிடுங்கள். இல்லையென்றால் வட்டமடித்துத் திரும்பும் ஐந்து ஓரியோலை இருபதாக எண்ணிவிடுவோம்.

என்ன பைனாகுலர்?

8×42. பத்து மடங்கு பெரிதாக்கினால் பார்வைப்பரப்பு குறுகி, கிளைக்குக் கிளை தாவும் வார்ப்ளரைப் பிடிக்க முடியாது. அருகுக் குவியம் (கருவி தெளிவாகக் காட்டும் மிகக் குறைந்த தூரம்) இரண்டு மீட்டருக்குள் இருக்கட்டும், குளிர்நாளில் பறவை காலடிக்கே வரும். பழகாத கருவியோடு வராமல் வீட்டுப் பின்வளவில் பயிற்சி எடுங்கள்: கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். தொலைநோக்கியும் முக்காலியும் ஹில்மனுக்கு மட்டும் தேவை, வனப் பாதையில் அது அடுத்தவருக்கு இடைஞ்சல்.

வார்ப்ளர்கள் எல்லாம் மஞ்சளாகவே தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

நிறத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் எந்த உயரம், எப்படி நகர்கிறது. அடிமரத்தில் தொற்றி ஊர்ந்தால் பிளாக்-அண்ட்-வைட். தரையில் நடந்தபடி வாலை ஓயாமல் ஆட்டினால் பாம். வாலை விசிறியாக விரித்துக்கொண்டே தாவினால் அமெரிக்கன் ரெட்ஸ்டார்ட். உச்சிக் கிளையை விட்டு இறங்காதது பிளாக்பேர்னியனாகவோ செருலியனாகவோ இருக்கலாம்.

அடுத்து வாலின் அடிப்பக்கம். தலைக்கு மேலே நிற்கும் பறவையில் தெளிவாகத் தெரிவது அதுதான். வாலின் முற்பாதி வெள்ளை, நுனிப்பாதி கறுப்பு என்று அளந்து வெட்டியதுபோல் இருந்தால் மக்னோலியா. வேறெதையும் பார்க்கவேண்டியதில்லை. அதன் பிறகு சிறகுப் பட்டை, கண் வளையம், மார்புக் கோடுகள். கால்களையும் விடாதீர்கள்: கறுப்புத் தொப்பி போட்ட பிளாக்போலின் கால் ஆரஞ்சு மஞ்சள்.

விழாவில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள் சில உண்டு. நாஷ்வில் வார்ப்ளரைக் கொனெக்டிகட் என்று எழுதுவது. இரண்டுக்கும் சாம்பல் தலை, வெள்ளைக் கண் வளையம். ஆனால் நாஷ்வில்லின் தொண்டை மஞ்சள், அது கிளைகளில் துள்ளும். கொனெக்டிகட்டுக்குத் தொண்டையும் சேர்த்து முக்காடு, அது தரையில் நடக்கும். ஓராண்டு நிறைந்த ஆண் ஓர்ச்சர்ட் ஓரியோல் மஞ்சள் உடலும் கறுப்புத் தொண்டையுமாக நிற்பதைப் பார்த்து ஏதோ அரிய வார்ப்ளர் என்று ஓடிவருவார்கள். பெண் ரெட்-விங்ட் பிளாக்பேர்டைப் பெரிய குருவி என்பார்கள். மே நடுவில் பார்த்த வாட்டர்த்ரஷை லூசியானா என்று எழுதுமுன் யோசியுங்கள். லூசியானா ஏப்ரலிலேயே வந்துவிடும், மே நடுவில் இருப்பவை பெரும்பாலும் நார்தேர்ன்.

ஈப்பிடிப்பான்களில் அல்டரும் வில்லோவும் வாய் திறக்காதவரை பெயர் வைக்காதீர்கள். "அல்டர் அல்லது வில்லோ" என்று எழுதலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

மேர்லின் செயலி பெயர் காட்டினால் பட்டியலில் சேர்க்கலாமா?

சேர்க்கக்கூடாது. ஓசையைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் கைபேசிச் செயலி அது. எங்கே தேடவேண்டும் என்று சொல்லும் துணை, சாட்சியல்ல. நடுங்கும் ஒரே சுருதி ஓசையில் சிப்பிங் குருவி, பைன் வார்ப்ளர், வேர்ம்-ஈட்டிங் வார்ப்ளர் மூன்றையும் மாற்றிச் சொல்லும். ரொபின், ஸ்கார்லட் டானஜர், குரோஸ்பீக் பாட்டுகளிலும் குழம்பும். விழா நாளில் இன்னொரு தொல்லை, பக்கத்தில் யாரோ கைபேசியில் பாட்டை ஒலிக்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார், உங்கள் செயலி அதையும் பறவை என்று எடுத்துக்கொள்ளும். நீங்களே கேட்டு, நீங்களே அடையாளம் கண்டால் மட்டும் எழுதுங்கள்.

இ-பேர்ட் என்னும் இணையப் பறவைப் பதிவேட்டில் எப்படிப் பதிவது? ஒரு நாளுக்கு ஒரு பட்டியல் போதாதா?

போதாது. விடியலிலிருந்து மாலை வரை, முனையிலிருந்து ஹில்மன் வரை ஒரே பட்டியலாகப் போட்டால் எந்தப் பறவை எந்த வாழிடத்தில் எத்தனை மணிக்கு இருந்தது என்பது அழிந்துவிடும். முனைக்கு ஒன்று, உட்லண்ட் பாதைக்கு ஒன்று, சதுப்புக்கு ஒன்று என்று பிரியுங்கள். பூங்காவுக்குள் தனித்தனி இடங்களுக்குப் பெயர்கள் ஏற்கெனவே அங்கே உள்ளன. பொதுப் பெயரை விட்டு அவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

நின்ற இடத்திலேயே பார்த்தால் நிலையான பட்டியல், நடந்தால் பயணப் பட்டியல். போன பாதையிலேயே திரும்பினால் தூரத்தை ஒருவழிக்கு மட்டும் கணக்கிடவேண்டும். பலரும் இரட்டிப்பாகப் போட்டுவிடுகிறார்கள். அடையாளம் கண்ட எல்லா இனங்களையும் எழுதினால்தான் "முழுப் பட்டியல்". ரொபினையும் கிராக்கிளையும் விட்டுவிட்டு வண்ணப் பறவைகளை மட்டும் எழுதிய பட்டியலை முழுமையானது என்று குறிப்பது, வராத பறவையை வந்ததாகச் சொல்வதற்குச் சமமான பிழை.

கூட்டம் பறந்தால் முதலில் பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அந்த அளவால் மொத்தத்தையும் அளவிடுங்கள்.

அரிய பறவை என்று இ-பேர்ட் எச்சரித்தால் பயப்படவேண்டாம். என்ன பார்த்தீர்கள் என்பதை அங்கேயே எழுதுங்கள்: தூரம், வெளிச்சம், எவ்வளவு நேரம், எந்தப் பகுதிகளைப் பார்த்தீர்கள், ஒத்த இனத்தை ஏன் தள்ளினீர்கள். "வழிகாட்டி சொன்னார்" என்பது விவரணை ஆகாது. மங்கலான படம்கூட ஒரு பக்கம் எழுத்தைவிட உதவும்.

அரிய பறவை கிடைத்தால் யாரிடம் சொல்வது?

வருகையாளர் மையத்தில் சொல்லுங்கள். பாதை, அருகிலுள்ள அடையாளம், மணி, கடைசியாகப் போன திசை. "டில்டனில் பார்த்தேன்" என்பதால் யாருக்கும் பயனில்லை. கெர்ட்லேண்ட்ஸ் வார்ப்ளர் இங்கே எப்போதாவது வரும், பெரும்பாலும் தாழ்ந்த புதரிலும் மணலோரத்திலும் வாலாட்டியபடி இரை தேடும். செய்தி பரவினால் சில நிமிடங்களில் நூறு பேர் கூடுவார்கள். முதலில் பார்த்தவர்தான் அந்த இடத்தில் ஒழுங்குக்குப் பொறுப்பு: பாதையில் அரைவட்டமாக நிற்கவைத்து, பறவைக்கு ஒரு பக்கம் வெளியேற வழி விடுங்கள். கூடுகளையும் பகலில் உறங்கும் ஆந்தைகளையும் பொதுவில் அறிவிக்க வேண்டாம்.

பதிவுசெய்த பாட்டை ஒலித்துப் பறவையை வரவழைக்கலாமா?

கூடாது. ஏரி கடந்து வந்த பறவைக்கு இருப்பது கொஞ்சம் கொழுப்பும் ஒரு பகலும்தான். இல்லாத எதிரியைத் தேடி அது செலவிடும் நேரம் இரையிலிருந்து கழிகிறது. பாதையை விட்டு இறங்குவது, தீனி போடுவது, ட்ரோன் பறக்கவிடுவது எதுவும் அனுமதியில்லை.

படம் எடுக்க?

400 மி.மீ. லென்ஸ், ஷட்டர் 1/1000க்குக் குறையாமல். வானத்தைப் பின்னணியாகக் கொண்ட கிளையில் ஒளியளவை ஒன்று முதல் ஒன்றரைப் படி கூட்டுங்கள், இல்லையேல் பறவை நிழலுருவாகிவிடும்.

பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிவரலாமா?

தாராளமாக. முழங்கால் வலியுள்ள அம்மா அப்பாவுக்குச் சமதளமான சதுப்பு மரப்பாதை நல்லது, முனைக்கு அவர்களை வண்டியில் கூட்டிச் செல்லுங்கள். கவனிக்கவேண்டியது குளிர். லெமிங்டனில் இதமாக இருக்கும்போதே முனையில் ஏரிக்காற்று எலும்பைத் தொடும். தொப்பி, கையுறை, காற்றுப் புகாத மேற்சட்டை மே நடுவிலும் வேண்டும். முனை நீரில் பிள்ளைகளை இறக்காதீர்கள், இரு பக்க நீரோட்டமும் மோதும் இடம் அது.

உண்ணியும் பாய்சன் ஐவியும் பயப்படுமளவுக்கா?

இரண்டும் நிறையவே உண்டு. வெளிர்நிறக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். இரவு முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமுடியோரம் தேடுங்கள். கறுப்புக்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும். ஒட்டியிருந்தால் நுண்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். எண்ணெய் தடவுவதும் நெருப்பு வைப்பதும் தவறு. பாய்சன் ஐவி மூன்று இலைக் கொத்து, தரையிலும் படரும், மரத்திலும் கொடியாக ஏறும். பட்டுவிட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள், காலணி நாடாவையும் சேர்த்து.

ஊரில் பார்த்த பறவை ஏதாவது இங்கே கிடைக்குமா?

வார்ப்ளர்களில் இல்லை, அவை அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய குடும்பம். நீரோரத்தில் உண்டு. கோடியக்கரையிலும் மன்னாரிலும் குளிர்காலத்தில் காணும் கல்திருப்பி உள்ளான், சாம்பல் உப்புக்கொத்தி, சிவந்த பெரிய அலகுடைய காஸ்பியன் ஆலா, விரால் அடிப்பான், தகைவிலான் எல்லாம் இங்கேயும் அதே இனங்கள்தான். அங்கே மங்கிய குளிர்கால உடையில் பார்த்திருப்பீர்கள். இங்கே மே கடைசியில் சாம்பல் உப்புக்கொத்தி முகமும் வயிறும் கரிக்கறுப்பாக இருக்கும், கல்திருப்பி செங்கபில நிறத்தில். முதல் பார்வையில் வேறு பறவை என்றே தோன்றும்.

விழா முடிந்த பிறகு வந்தால் வீணா?

இல்லை. மே 20 முதல் 30 வரை கூட்டம் குறைவு, வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். மோர்னிங், கனடா வார்ப்ளர்கள், யெல்லோ-பெல்லிட் ஈப்பிடிப்பான், பிளாக்-பில்ட், யெல்லோ-பில்ட் குக்கூக்கள், பெண் வார்ப்ளர்கள் எல்லாம் அப்போதுதான். இலை அடர்ந்துவிடுவதால் கண்ணைவிடக் காது அதிகம் வேலை செய்யும். முந்திய வாரமே பாட்டுகளைக் கேட்டுப் பழகிக்கொண்டு வாருங்கள், கொசுவுக்கு மருந்தும் எடுத்துவாருங்கள்.